ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆகலாமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு படிக்கிறேன். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஆயாவை அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். அதனாலேயே இந்தத் துறையில் ஆசை வந்தது. ‘ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று ஒரு நோட்டீஸ் வந்தது. குச்சிக்கிழங்கு விலையை நம்பியிருக்கும் அப்பா, பீஸ் கம்மி என்று அதிலேயே சேரச் சொல்கிறார். சேரலாமா?

- மாணவி, கெங்கவல்லி

பதில்: வேண்டாம். நோட்டீஸில் இருக்கும் நம்பருக்கு அப்பாவையே போன் போட்டு, ‘படித்து முடித்தால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று இழுத்தால் விஷயம் புரிந்துவிடும். பதிவு இல்லாதவர் உதவியாளராகக் காலம் தள்ளலாம். அரசு நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தில் விண்ணப்பிக்கவே முடியாது.

முறையான படிப்பு இரண்டு: டிப்ளமோ நர்சிங் 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நர்சிங் படிக்கலாம். பி.எஸ்சி.க்கான மாநில கவுன்சலிங் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது, நீட் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்பாவின் கணக்கில் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். ஆயாவுக்கு இதைச் செய்து பழகியிருப்பீர்கள். அவர் எரிந்து விழுந்தாலும் உங்களுக்குக் கோபம் வராது. நைட் டூட்டியில் முகம் தெரியாத ஒருவர் எரிந்து விழுந்தால்? அதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

நர்ஸ் வேலை மட்டும்தான் வழி என்றும் இல்லை; பிசியோதெரபியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு, பிசியோதெரபிஸ்ட்டும் வலிநிவாரண நர்ஸும் வீடு தேடியே வருகிறார்கள். ஊசி, ரத்தம் என்றாலே தலைசுற்றுகிறதா? ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலை படித்து கவுன்சலர் ஆகலாம். நாமக்கல் லாரி டிரைவர்களிடையே எச்.ஐ.வி. பரவிய காலத்தில், அவர்களையும் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி, பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் சம்மதிக்க வைத்தது கவுன்சலர்களின் வேலைதான். இந்த வேலை பல இடங்களில் ஒப்பந்த அடிப்படையில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சேர்த்து.