கண்ணாடித் தொட்டியில் ஜெர்பில் வளர்த்தல்

எலியைப் பகையாகவே கண்டு பழகிய கமக்காரர் வீட்டிலும், பிள்ளைகளின் விருப்பத்துக்காகக் கொறிக்கும் சிறு விலங்கொன்று வளர்க்கப்படுவதுண்டு. அத்தகையவற்றுள் ஒன்றான ஜெர்பில், மொங்கோலியாவையும் அதனை அடுத்த பகுதிகளையும் சேர்ந்த வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்வது. 1954 ஆம் ஆண்டு யப்பானிலிருந்து அமெரிக்க ஆய்வுகூடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே இது வீட்டு விலங்காகப் பரவிற்று. தமிழ்நாட்டில் வெள்ளெலி எனப்படுவது இதன் உறவினமாகும்.

மரப்பெட்டியை இது கொறித்துத் துளைத்துவிடும். பழைய கண்ணாடி மீன்தொட்டியோ அதன் பல்லுக்கு அகப்படாது. ஆயினும் தொட்டியின் நான்கு புறமும் காற்று புகாது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் மூடுபனியிலும், தென்மேற்குப் பருவ மழை ஓயாத ஹற்றனிலும், உள்ளே தங்கும் ஈரமே இவ்விலங்கின் முதற்பகை. ஈரத்தில் அதன் உரோமம் எண்ணெய் பூசியதுபோல் ஒட்டிச் சிலிர்த்து நிற்கும், மூச்சுநோயும் தொடரக்கூடும். சமையலறை உப்பு ஓரிரவில் கசிந்துவிடும் அறையில் தொட்டியை வைக்கலாகாது. வீடு முழுவதுமே அவ்வாறாயின், ஜெர்பில் வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுதலே நன்று.

இரண்டு ஜெர்பில்களுக்கு மூன்றடி நீளமும் ஒன்றரை அடி உயரமுமுள்ள தொட்டி வேண்டும். மீனுக்கு இட்ட மருந்தும் உப்பும் நீங்க, வினாகிரி கலந்த வெந்நீரால் கழுவி, நல்ல நீரில் பன்முறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்துக. விரிசலுள்ள கண்ணாடி உதவாது. மீன்தொட்டிக்குரிய கண்ணாடி மூடியை அகற்றிவிட்டு, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்து மூடியாக்குக. சட்டம் வெளிப்புறமாக அமைதல் வேண்டும்; இன்றேல் அதுவும் கொறிக்கப்படும். பூனை தள்ளாதபடி கொக்கியிடுதலும் அவசியம்.

உள்ளே எட்டு முதல் பன்னிரண்டு அங்குல ஆழத்துக்கு உலர்ந்த புல்லும் கிழித்த காகிதமும் கலந்து இடுக. மலைநாட்டு மரக்காலைகளில் எளிதாகக் கிடைக்கும் பைன் மரத்தூள் வேண்டாம்; அதன் வாசனைப் பொருள் மூச்சுக்குக் கெடுதி. பூச்சிமருந்து தெளித்த வயலின் வைக்கோலும் ஆகாது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் அது கவிழ்ந்து படுக்கை நனையும். ஆதலால் வெளியே கட்டித் தொங்கவிடும் குழாய்ப் போத்தலே ஏற்றது. நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுக.

தொட்டியை நேர்வெயிலில் வைத்தல் பெரும்பிழை. மலைக்குளிரிலும் சாளர வெயில்பட்ட கண்ணாடிக்குள் வெப்பம் விரைவில் ஏறி விலங்கைக் கொன்றுவிடும். குளிருக்கு அஞ்சி அடுப்பருகே வைப்போரும் உளர். புகை அதனினும் தீது.

தானியமே முக்கிய உணவு. கரட் துண்டு சிறிதளவு கொடுக்கலாம். மருந்து தெளித்த பாத்தியிலிருந்து எடுத்ததாயின் கூடாது. முளைவிட்ட உருளைக்கிழங்கும் பச்சை நிறமேறிய கிழங்கும் நஞ்சு.

வயலில் பிடித்த எலியை ஒருபோதும் இத்தொட்டியில் விடலாகாது. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரால் பரவுவதை நெற்செய்கையாளர் அறிவர். காட்டெலி தொட்டியருகே வராதபடி சிந்திய தானியத்தையும் துடைத்துவிடுக. எலிநஞ்சை அவ்வறையில் வையாதீர்.

ஆணும் பெண்ணும் சேர்ந்தால் விரைவிற் பெருகும். உடன்பிறந்த இரு ஆண்களோ இரு பெண்களோ போதும். மிகுந்த குட்டிகளைத் தோட்டத்தில் விட்டுவிடுதல் கூடாது. தப்பியவை பெருகிப் பயிரழிக்கும் என அஞ்சியே கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் ஜெர்பில் வளர்ப்பு தடைசெய்யப்பட்டுள்ளது. மலைநாட்டு ஈரத்தில் அவை பிழைத்தல் அரிது. எனினும் இதன் உறவினம் வாழும் வறண்ட வலய நெல்வயல்களை அண்டி விடப்பட்டால், நிலைமை வேறு.