இருளில் ஒரு தாய்

நுழையும்முன்

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை இன்றைய மாணவர் முதன்முறையாகக் காண நேர்ந்தால், முதலில் எழுவது சிரிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு அத்தொடரில் காண்பதற்கு என்ன எஞ்சுகிறது? ஏவுதளத்தையும் தொழிற்பேட்டையையும் அருகருகே கொண்ட நிலப்பகுதியில் நின்று இக்கேள்வியை எழுப்புகிறது இப்பாடம்.

ஏவுதளத்தின் அண்டையில்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டி மீஞ்சூர், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. சில வண்டிகள் அத்துடன் நின்றுவிடாமல், ஆந்திர எல்லையைத் தாண்டிச் சூளூர்ப்பேட்டை வரை செல்கின்றன. கும்மிடிப்பூண்டியில் இறங்குவோரில் பலர் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குச் செல்பவர்கள். சூளூர்ப்பேட்டையோ ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்தின் நுழைவாயில். இரண்டு ஊர்களையும் ஒரே தண்டவாளம் இணைக்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் கும்மிடிப்பூண்டிக்கும் ஏவுதளத்துக்கும் நாற்பது கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

ஏவுகலம் புறப்படும் நாள்களில் இப்பகுதி மக்கள் மொட்டைமாடிகளில் கூடுகின்றனர். நெருப்புக்கோடு முதலில் தெரிகிறது. ஓசை சற்றுப் பிந்தி வருகிறது. ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள வேக வேறுபாட்டை இங்குள்ள சிறுவர்கள் இயற்பியல் பாடம் படிப்பதற்கு முன்பே அறிந்துகொள்கின்றனர். 1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்எல்வி-3 கடலில் வீழ்ந்ததும், 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியதும், 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதும் அவர்களுக்கு அண்டை ஊர்ச் செய்திகளே.

இத்தகைய ஊரில் வளர்ந்த ஒருவர், அமெரிக்காவில் 1966இல் தொடங்கப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்' என்னும் தொடரைத் தம் கைப்பேசியில் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேற்றுக் கோள் என்று காட்டப்படுவது வண்ணம் பூசிய திரைச்சீலை. பாறை உருண்டு விழும்போது அதன் எடையின்மை கண்ணுக்குத் தெரிகிறது. மெய்யான ஏவுகலத்தின் அதிர்வை நெஞ்சில் உணர்ந்தவருக்கு இக்காட்சி பொம்மலாட்டமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பணமின்மை தந்த கற்பனை

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை என்பிசி தொலைக்காட்சியில் 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலமும், அதன் தலைவர் கிர்க், வேற்றுக் கோளினரின் குருதி பாதி கலந்த ஸ்பாக், மருத்துவர் மெக்காய் ஆகியோரும் ஒவ்வொரு வாரமும் புதியதோர் உலகைச் சென்றடைவதே இதன் கதையமைப்பு.

எண்டர்பிரைஸ் எந்தக் கோளிலும் தரையிறங்குவதில்லை. மனிதர்கள் ஒளித்துகள்களாக மறைந்து கீழே தோன்றுகின்றனர். உலகெங்கும் புகழ்பெற்ற இந்தக் கற்பனை பிறந்த காரணம் எளிது: ஒவ்வொரு வாரமும் மாபெரும் விண்கலம் தரையிறங்கும் காட்சியைப் படமாக்கத் தயாரிப்பாளரிடம் பணம் இல்லை. தாமே திறந்துகொள்ளும் கதவுகளுக்குப் பின்னால் நின்று அவற்றை இழுத்தவர்கள் படப்பிடிப்புத் தொழிலாளர்கள். மெக்காய் நோயாளியின்மேல் ஓடவிடும் நுண்கருவிகளுள் சில, உணவு மேசையில் வைக்கும் உப்புக் குப்பிகள். தெருக்கூத்தில் ஒருவர் இருமுறை அரங்கைச் சுற்றி வந்தால் காடு கடந்ததாகப் பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார் அல்லவா? அந்த உடன்பாட்டோடுதான் இத்தொடரையும் அணுக வேண்டும். அட்டைப் பாறையைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை. ஆயினும் முதல் பத்து நிமிடங்களுக்குப் பின்னும் அதையே பார்த்துக்கொண்டிருப்பவர் எதையும் காணாமல் போய்விடுவார்.

கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தோர்

அக்காலப் பார்வையாளரை வியப்பில் ஆழ்த்தியவை கருவிகள் மட்டுமல்ல. இருக்கைகளில் அமர்ந்திருந்த மனிதர்களும்தாம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சமவுரிமைக்காகப் போராடிய ஆண்டுகளில், கறுப்பினப் பெண் ஒருவர் கலத்தின் தகவல்தொடர்பு அலுவலராக அமர்த்தப்பட்டார். அப்பாத்திரத்தை ஏற்ற நிச்செல் நிக்கோல்ஸ் தொடரைவிட்டு விலக எண்ணியபோது, வேண்டாம் என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். பின்னாளில் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் பணிக்கு ஈர்க்கும் முயற்சியில் நாசா நிக்கோல்ஸின் உதவியை நாடியது. 1992இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், சிறுவயதில் இத்தொடரைக் கண்டு ஊக்கம் பெற்றவர்.

கலத்தைச் செலுத்தும் சுலு பாத்திரத்தில் நடித்தவர் ஜார்ஜ் டகேய். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வழியினர் என்ற ஒரே காரணத்துக்காக முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்ட அமெரிக்கக் குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. முகாமில் வளர்ந்த சிறுவன் விண்மீன்களுக்கிடையே கலம் செலுத்துகிறான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றைத் தன்னகத்தே கொண்ட கும்மிடிப்பூண்டியில், இச்செய்தியின் பொருளைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இந்தியர் எவரேனும் அந்த அறையில் இருந்தனரா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வடஇந்தியாவைச் சேர்ந்தவன் என்று கருதப்படும் கான் என்பவன் ஒரு பகுதியில் தோன்றுகிறான், அவனும் கொடுங்கோலன். அவ்வேடத்தை ஏற்றவர் மெக்சிகோ நாட்டவர். பிறரையெல்லாம் அமரவைத்த கற்பனைக்கும் ஓர் எல்லை இருந்தது.

கடந்துபோன எதிர்காலம்

கான் உலகின் ஒரு பகுதியை ஆண்டதாகக் கதை குறிப்பிடும் காலம் 1990கள். எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் இத்தொடரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பியபோது, அக்காலம் இன்னும் வந்திருக்கவில்லை. இப்போது எப்போதோ கடந்துவிட்டது. தமிழிலும் இதற்கு இணை உண்டு. சுஜாதா தம் 'என் இனிய இயந்திரா' புதினத்தில் ஜீனோ என்னும் எந்திர நாயை உலவவிட்ட ஆண்டு 2021. அவர் எழுதிய நாளில் தொலைதூரக் கனவாக இருந்த அந்த ஆண்டை, இன்றைய பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பெருந்தொற்றின் பிடியில், பள்ளிக்கூடம் செல்ல இயலாமல் வீட்டுக்குள் கழித்தார்கள். எந்திர நாய் வரவில்லை. கைப்பேசி வழியே வகுப்பறை வந்தது.

எது பலித்தது, எது பொய்த்தது என்று கணக்குப் பார்ப்பது அறிவியல் புனைவைச் சோதிடமாக்கும் செயல். ஒன்றை மட்டும் சொல்லலாம். தொடரில் கலத்தின் பொறியாளர் எந்தப் பழுதையும் ஐம்பது நிமிடங்களுக்குள் சரிசெய்துவிடுவார். ஸ்ரீஹரிகோட்டாவிலோ ஏஎஸ்எல்வி ஏவுகலம் 1987இலும் 1988இலும் அடுத்தடுத்துத் தோற்றது. அது வென்றது 1992இல்தான்.

சுரங்கத்தில் ஓர் உயிர்

முதன்முறை காண்போர் எந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம்? தொழிற்பேட்டையின் அருகில் வாழ்வோர் 1967 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம். 'இருளில் உள்ள பேய்' என்று பொருள்படுவது அதன் தலைப்பு. கொழும்பில் நெடுங்காலம் வாழ்ந்த அறிவியல் புனைவு எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் நினைவில் தங்கிய பகுதியும் இதுவே.

ஒரு கோளின் அடியில் ஆழமான சுரங்கம். அங்கிருந்து வெட்டியெடுக்கும் கனிமத்தை நம்பிப் பல உலகங்கள் இயங்குகின்றன. திடீரென்று தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். பாறையையே கரைத்து வழி அமைத்துக்கொண்டு வரும் ஏதோ ஒன்று அவர்களை எரித்துவிடுகிறது. வேலைக்கு இறங்க எவருக்கும் துணிவில்லை, உற்பத்தி நின்றுபோகிறது. அதைக் கொன்றால் போதும் என்கிறார் சுரங்கத் தலைவர். அவரைக் கொடியவர் என்று கதை சித்திரிக்கவில்லை. தம் ஆட்களின் உடல்களைப் பார்த்தவர் அவர். இரவுப்பணிக்குச் சென்றவர் வீடு திரும்பும் வரை உறங்காத குடும்பங்கள், அத்தொழிலாளர்களின் அச்சத்தை எளிதில் உணரும்.

சுரங்கத் தலைவரின் மேசையில் உருண்டையான கல் ஒன்று கிடக்கிறது. அத்தகைய கற்கள் கீழ்த்தளத்தில் ஏராளமாக உள்ளன என்றும், அவற்றால் பயனில்லை என்றும் சொல்கிறார். காண்போர் அக்கல்லைக் கவனியாமல் கடந்துவிடுவர். சுரங்கத்தாரும் அப்படித்தான் கடந்தனர்.

கிர்க் கொல்லச் சொல்கிறார். ஸ்பாக்கோ, அவ்வினத்தில் எஞ்சியது அது ஒன்றே என்றால் கொல்வது பெருங்குற்றம் என்று தயங்குகிறார். பின்னர் கிர்க் தனியாக அவ்வுயிரின் எதிரில் அகப்பட்டுக்கொள்ளும்போது நிலை தலைகீழாகிறது: நண்பனுக்கு ஆபத்து என்றதும் ஸ்பாக் கொல்லச் சொல்கிறார், நேரில் நிற்கும் கிர்க் சுடாமல் காத்திருக்கிறார். கொள்கை எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்பதை வகுப்பறையில் விவாதிக்க இக்காட்சி ஒன்றே போதும்.

ஸ்பாக் தம் உள்ளத்தை அவ்வுயிரின் உள்ளத்தோடு இணைக்கிறார். முதலில் வெளிப்படுவது தாங்கவொண்ணா வலி. அதன் பெயர் ஹோர்ட்டா. இணைப்பில் நம் மொழியைச் சிறிது கற்றுக்கொண்ட அது, பாறையின்மேல் மூன்று சொற்களைப் பொறிக்கிறது. என்னைக் கொல்லாதே என்னும் வேண்டுதலா, நான் கொல்லேன் என்னும் உறுதிமொழியா என்று கிர்க் ஐயுறுகிறார். தமிழ் இலக்கணம் பயின்றோர் இருபொருள்படும் இத்தொடரின் நுட்பத்தைச் சுவைக்கலாம்.

ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்வினம் முழுவதும் மாய்ந்துவிடும். முட்டைகளைக் காக்க ஒரே ஒரு தாய் மட்டும் எஞ்சியிருக்கும். உருண்டைக் கற்கள்தாம் அம்முட்டைகள். சுரங்கத்தார் புதிய தளத்தைத் திறந்து, அறியாமலே அவற்றை உடைத்து நொறுக்கிவந்தனர். தலைப்பு குறிப்பிட்ட பேய் யார் என்னும் வினா இங்கே தன் திசையை மாற்றிக்கொள்கிறது.

இப்போது மீண்டும் படக்காட்சியைப் பார்ப்போம். ஹோர்ட்டா என்பது ஒரு மனிதர் உள்ளே நுழைந்து தவழ்ந்து வரும் முரட்டுப் போர்வை. முதல் காட்சியில் சிரித்தவர்களும், காயமுற்று அது துடிக்கும் காட்சியில் சிரிப்பதில்லை.

தெரியுமா?

ஹோர்ட்டாவின் உடல் சிலிக்கானால் ஆனது என்கிறது கதை. கார்பனும் சிலிக்கானும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இரண்டும் நான்கு பிணைப்புகளை உருவாக்கவல்லவை. எனவே இக்கற்பனைக்கு வேதியியல் அடிப்படை உண்டு. எனினும் ஓர் இடர்ப்பாடும் உள்ளது. கார்பன் டைஆக்சைடு வாயு. நாம் அதை எளிதாக மூச்சில் வெளியேற்றுகிறோம். சிலிக்கான் டைஆக்சைடோ மணலின் முதன்மைப் பொருள். சிலிக்கான் உயிர் நம்மைப்போல் மூச்சுவிட்டால் மணலைத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

பழவேற்காட்டின் கரையில்

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே விரிந்துள்ள பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்ததாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. இதற்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் நிலத்திட்டுதான் ஸ்ரீஹரிகோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் இங்கு வந்து இரைதேடுகின்றன. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் நாற்றங்கால் இவ்வேரி. யார், எந்த நாளில், எவ்விடத்தில் வலைவிரிப்பது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் வழக்கத்தை இங்குள்ள மீனவர்கள் வழிவழியாகப் பின்பற்றி வருகின்றனர். ஏரியின் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீரோட்டம் தடைப்பட்டதையும், மீன்வளம் குன்றியதையும் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன.

மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்ல இயலாது. இரும்பு உருக்காலையில் பெறும் ஊதியத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவ்வீட்டுப் பிள்ளைகளே இப்பாடத்தைப் படிக்கின்றனர். ஏவுதளம் அமைவதற்காகத் தீவைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. அந்த ஏவுதளத்தால் நாடு பெருமை கொள்கிறது. சுரங்கத் தலைவரின் மேசைமேல் கிடந்த கல், கழிமுகத்தின் சேற்றில் இறால்குஞ்சாகவும் கிடக்கலாம். அது முட்டை என்று அறிந்தவர் சுரங்கத்தில் ஒருவரும் இல்லை. பழவேற்காட்டிலோ அறிந்தவர்கள் உள்ளனர். நாள்தோறும் வலையோடு செல்பவர்கள் அவர்கள்.

கதை ஓர் உடன்பாட்டோடு முடிகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் இயல்பாகவே பாறையைக் குடைந்து செல்லும்; வெளிப்படும் கனிமத்தைச் சுரங்கத்தார் எடுத்துக்கொள்வர்; ஒருவரை ஒருவர் தாக்க மாட்டார்கள். ஐம்பது நிமிடங்களில் முடிக்க வேண்டிய கதைக்கு இது தோதான முடிவு. ஆனால் சற்றே எளிதாக வந்த முடிவும்கூட. சுரங்கத்தார் முன்னைவிடச் செல்வராகின்றனர். ஹோர்ட்டாவுக்குக் கிடைப்பதோ, தன் குஞ்சுகள் கொல்லப்படாமல் இருக்கும் உரிமை மட்டுமே. அது முன்பே அதனுடையதாக இருந்தது. கனிமத்தில் அதற்கு என்ன பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கற்பவை கற்றபின்

'இருளில் உள்ள பேய்' கதையை ஹோர்ட்டாவின் கூற்றாக ஒரு பக்கத்தில் எழுதுக. இறுதி உடன்பாட்டில் நீ சேர்க்க விரும்பும் ஒரு நிபந்தனையை ஹோர்ட்டாவின் சொற்களில் அமைக்க.

உன் ஊரில் உள்ள நீர்நிலை ஒன்றைப் பற்றி, அதை நம்பித் தொழில் செய்யும் ஒருவரிடமும், அருகிலுள்ள ஆலையில் பணிபுரியும் ஒருவரிடமும் தனித்தனியே உரையாடி, இருவர் கூற்றுகளையும் அவர்கள் சொன்னவாறே பதிவு செய்து வகுப்பில் படித்துக் காட்டுக.