பதிற்றுப்பத்து 42 சுட்டும் ஊசியும் சுட்டாத இழையும்

திறவுச்சொற்கள்: பதிற்றுப்பத்து, அறுவைத் தையல், பட்டு, சுசுருத சம்ஹிதை, கலைச்சொல்லாக்கம்

சங்க இலக்கியத்தில் அறுவை மருத்துவத்திற்குச் சான்று தேடுவோர் தவறாது எடுத்துக்காட்டுவது பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல். கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்தில் அமைந்தது அது. மீன் தேடித் திரியும் சிரல் குளத்தில் மூழ்கி எழுவதுபோல நெடிய வெள்ளூசி புண்ணினுள் புகுந்து வெளிப்பட்டதையும், அவ்வாறு தைக்கப்பட்ட பிளவின் வடு வீரர் மார்பில் நிலைத்ததையும் பாடல் கூறுகிறது. சிரல் என்பது மீன்கொத்தி. ஊசியின் நீளம், நிறம், இயக்கம் ஆகிய மூன்றும் இங்கே கிடைக்கின்றன. ஊசி இழுத்துச் சென்ற இழை எதுவென்று பாடல் கூறவில்லை.

அவ்விடத்தைப் பட்டு நூலால் நிரப்பிக்கொள்ளத் தோன்றுவது இயல்பே. தையல் என்றதும் இன்றைய மருத்துவமனையின் கரும்பட்டு இழை நினைவுக்கு வருகிறது. பதிற்றுப்பத்தின் 12ஆம் பாடலிலேயே நூற்கப்படாத நூலாலான ஆடை குறிக்கப்படுகிறது. உரையாசிரியர் அதனைப் பட்டு எனக் கொள்வர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த மருத்துவர் காலென், குருதிக் குழாய்களைக் கட்ட எளிதில் மக்காத இழை வேண்டும் என்று கூறிப் பட்டையும் பரிந்துரைத்தார். உரோமப் பேரரசின் பெருநகரங்களில் செல்வப் பெண்டிரிடம் அது கிடைக்கும் என்றும் எழுதினார். ஆகவே பட்டுத் தையல் அக்காலத்திற்கு ஒவ்வாத கற்பனை அன்று. எனினும் ஆடைக்குரிய சான்றைப் புண்ணுக்குரிய சான்றாக மாற்ற இயலாது.

சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானம் 25ஆம் அத்தியாயம் தையல் இழைகளை நிரல்பட உரைக்கிறது. நுண்ணிய நூல், மரப்பட்டை நார், சணல், க்ஷௌமம், தசைநாண், மயிர், சீந்தில் முதலிய கொடிகளின் நார் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. க்ஷௌமம் என்பதைப் பட்டு என்று பெயர்ப்பதும் உண்டு. அச்சொல்லின் அடி ஆளிச்செடியைக் குறிக்கும் க்ஷுமா என்பதாகும். ஆளிநார் நூல் என்பதே நேர்பொருள். அடுத்து நிற்கும் சணலும் அதற்கே துணை செய்கிறது. பட்டியலில் பெரும்பாலானவை காட்டிலும் வீட்டிலும் கைக்கெட்டும் பொருள்கள் என்பது கருதத்தக்கது. பாசறையில் புண் தைத்தவர் கையில் எது இருந்திருக்கும் என்று எண்ணுவோர் பட்டைவிட இவற்றையே முதலில் எண்ண வேண்டும்.

பட்டின் சிறப்பு அதன் பிறப்பிலேயே உள்ளது. பருத்தி குறுநார்களை முறுக்கி நூலாவது. பட்டோ புழு இடைவிடாது உமிழ்ந்த ஒரே நீள் இழை. ஃபைப்ராயின் என்னும் புரதம் உள்ளீடாகவும், செரிசின் என்னும் பசைப்புரதம் மேலுறையாகவும் அமைகின்றன. மேலுறை உடலில் ஒவ்வாமையைத் தூண்டுவதால் அதனை நீக்கி, இழைகளைப் பின்னி, மெழுகோ சிலிக்கோனோ பூசியே தையலிழை செய்யப்படுகிறது. மென்மையாக வளைவதும் முடிச்சு நழுவாமையும் பட்டின் பெருமை. பெர்ன் நகரின் தியோடோர் கோக்கரும் பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெடும் பட்டை விரும்பியதற்கு இவையும் காரணங்கள். பின்னலின் நுண்ணிடைவெளிகள் திரியைப்போல நீரை உறிஞ்சிக் கிருமிக்கு இடந்தருவது அதன் குறை.

கலைச்சொல்லாக்கம் இடறுமிடமும் பட்டே. ஆடு மாடுகளின் குடற்சுவரிலிருந்து செய்யப்படும் கேட்கட் கரையும் இழை என்றும், பட்டு கரையா இழை என்றும் தமிழில் வழங்குகின்றன. கேட்கட்டை 1869இல் கார்பாலிக் அமிலத்தில் பதப்படுத்திப் பரப்பியவர் ஜோசப் லிஸ்டர். உண்மையில் அது உப்புப்போலக் கரைவதில்லை, நொதிகளால் செரிக்கப்படுகிறது. 1970களில் பரவிய பாலிகிளைகாலிக் அமில இழையோ நீரால் பகுக்கப்படுகிறது. கரையாதது எனப்படும் பட்டும் ஏறத்தாழ ஓராண்டில் தன் வலிமையில் பெரும்பகுதியை இழக்கிறது. ஈராண்டுக்குப் பின் உடலில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. உறிஞ்சப்படுவது, உறிஞ்சப்படாதது என்னும் வகைப்பாடு மருந்தியல் விதிநூல்களின் வரையறை. அதனைக் கரைதல் என்னும் அன்றாட வினைக்குள் அடைப்பதால், வேதியியல் வேறுபாடும் காலவேறுபாடும் ஒருங்கே மறைகின்றன. நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகளுக்கு இச்சிக்கல் அத்துணை இல்லை.

தையலின் தடம் பரணர் பாடலையும் நுணுகிப் படிக்கச் செய்கிறது. தோலில் தையல் நெடுநாள் பிரிக்கப்படாது நின்றால், பிளவின் நீள்கோட்டுடன் அதன் குறுக்கே ஏணிப்படிபோன்ற தடங்களும், இருபுறமும் துளைப்புள்ளிகளும் நிலைத்துவிடும். புண் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தால் அவை இன்னும் மிகும். பாடலில் ஊசியும் வடுவும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கின்றன. எனவே மார்பில் நிலைத்த வடுவைப் பகைவர் வாளின் தடமாக மட்டும் கொள்ளாமல், சிரல் மீண்டும் மீண்டும் மூழ்கியெழுந்த புள்ளிகளின் தடமாகவும் கொள்ள இடமுண்டு. அத்தகைய வடுவைப் பட்டும் தரும், சணலும் தரும், மயிரும் தரும். பாடலுக்குப் பொருளெழுதுவோர் இழை என்று மட்டும் குறித்து, அதன் வகையைக் கூறாது விடுவதே மூலத்திற்குப் பொருந்தும்.