ஆட்சி மாறும் வாரத்தில்

கோட்டையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பிரிவு அலுவலர்களுக்கு, தலைமைச் செயலகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் சொல்வது:

1. கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. 2021-ல் மே 2 அன்று வாக்கு எண்ணினார்கள். 7-ஆம் தேதி புதிய அரசு பதவியேற்றது. அன்றே ஐந்து கோப்புகளில் முதல்வர் கையெழுத்திட்டார். அவற்றில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு 1,200 கோடி ரூபாய் ஈடுகட்ட வேண்டும் என்ற கணக்கும் கூடவே வந்தது. அப்படிப்பட்ட கணக்கை ஒரே இரவில் போட்டுவிட முடியாது. அதனால் தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களை வீணாக்காதீர்கள். எல்லா முக்கியக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் வாங்கிப் படியுங்கள். உங்கள் பிரிவுக்கு வரக்கூடிய வாக்குறுதிகளுக்குப் பயனாளிகள் எத்தனை பேர், செலவு எவ்வளவு, சட்டத் திருத்தம் வேண்டுமா என்று விவரம் சேர்த்து வையுங்கள். ஜெயிக்கும் என்று நீங்கள் நினைக்கிற கட்சிக்கு மட்டும் இதைச் செய்வது நேர்மையல்ல.

2. நடப்பிலுள்ள ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள். எந்த அரசாணை, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு, எந்தக் கோர்ட்டில் என்ன வழக்கு, அடுத்த வாய்தா என்றைக்கு. 'மகத்தான', 'முன்னோடி' என்ற சொற்களை அடித்துவிடுங்கள்.

3. காபந்து அரசு நடக்கும் நாட்களில், "தேதியை மட்டும் போன வாரம் போட்டுக் கொடுங்க தம்பி" என்று யாராவது அன்பாகவே கேட்கலாம். முடியாது என்று பணிவாகச் சொல்லுங்கள். அன்றே பிரிவு அலுவலரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

4. புதிய அரசு ஒரு திட்டத்தை நிறுத்த நினைக்கும்போதுதான் உங்கள் குறிப்புக்கு உண்மையான வேலை. 2011-ல் சமச்சீர் கல்வியைத் தள்ளிவைக்க அன்றைய புதிய அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பாடநூல்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. வழக்கு உயர்நீதிமன்றம் போய், உச்சநீதிமன்றம் போய், ஆகஸ்ட் 9-ஆம் தேதி, பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை பள்ளிக்குப் போன பிள்ளைகள் கையில் பாடப் புத்தகம் இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. முடிவெடுக்கும் உரிமை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உண்டு. அதில் நமக்கு மாற்றுக் கருத்தே கூடாது. ஆனால் நிறுத்தினால் யார் பாதிக்கப்படுவார்கள், இதுவரை செலவானது என்ன ஆகும், சட்டத்தில் நிற்குமா என்ற மூன்றையும் கோப்பில் எழுதாமல் மேலே அனுப்பாதீர்கள். எழுத்துப்பூர்வமாக ஆணை வந்த பிறகு முணுமுணுக்காமல் நிறைவேற்றுங்கள்.

நல்ல முன்னுதாரணமும் உண்டு. 2021-ல் முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் கையிருப்பில் இருந்தன. அவற்றை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் புதிய முதல்வர். இருப்பு எவ்வளவு, மாற்றினால் என்ன செலவாகும் என்று அதிகாரிகள் தெளிவாகச் சொல்லும் இடத்தில்தான் இப்படிப்பட்ட முடிவுகள் எளிதாகின்றன.

5. யார் யாருடைய ஆள் என்ற கேன்டீன் பேச்சில் உட்காராதீர்கள். பதவி போன அமைச்சரின் பி.ஏ. மாடிப்படியில் எதிரே வந்தால், போன மாதம் வைத்த அதே வணக்கத்தை வையுங்கள்.

6. அமைச்சர் அறை காலியாகும்போது பெயர்ப்பலகையைக் கழற்றுவார்கள், சாமான்களைக் கட்டுவார்கள். மேசை இழுப்பறையிலும் அலமாரிக்கு மேலும் மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும்: விதவை உதவித்தொகை, பட்டா மாறுதல், மாற்றுத்திறனாளி மகனுக்கு மூன்று சக்கர வண்டி. பழைய அமைச்சருக்கு வந்த மனுதானே என்று யாரும் கழிவுத்தாளோடு போட விடாதீர்கள். அந்த மனு அரசுக்கு வந்தது. அலுவலக உதவியாளரோடு நீங்களே போய் எடுத்து வந்து, துறைவாரியாகப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி எண் போடுங்கள். அந்த எண்ணை மனுதாரருக்குக் கடிதத்தில் எழுதித் தெரிவியுங்கள்.