எடை குறையலைன்னு நடையை விட்டுடாதே

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உங்கம்மா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்களாம். நீயும் ஒரு மாதம் பாரூர் ஏரிக்கரையில் விடாமல் நடந்தாயாம். எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை என்றதும் விட்டுவிட்டாயாம். எடை மெஷின் சொன்னதைக் கேட்டு நீ நடையை நிறுத்தியிருக்கக் கூடாது. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து, பொறுமையாகப் படி.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கும் சரக்கு இல்லை, உயிருள்ள திசு. தேவைக்கு மேல் சாப்பிட்டு உட்கார்ந்தே இருந்தால் அங்குள்ள செல்கள் ஊதிப் பெருக்கும், சில செத்தும் போகும். செத்த செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ் என்கிற வெள்ளை அணுக்கள் வளையம்போல மொய்த்துக்கொள்ளும். அங்கிருந்து டிஎன்எஃப்-ஆல்பா போன்ற அழற்சிப் பொருட்கள் சுரக்கும். காய்ச்சல் வராது, வலி தெரியாது. ஆனால் வருஷக்கணக்கில் உள்ளே அழற்சி கனன்றுகொண்டே இருக்கும். அதனால் இன்சுலின் வந்து நின்றாலும் செல் அதன் பேச்சைக் கேட்காது. குண்டு எலிகளின் கொழுப்பில் இந்த டிஎன்எஃப்-ஆல்பா மிகுந்திருப்பதை 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை முடக்கியபோது இன்சுலின் மறுபடி வேலை செய்தது.

“நான் என்ன அவ்வளவு குண்டா மாமா?” என்று கேட்பாய். குண்டாகத் தெரியாவிட்டாலும் உள்ளே கொழுப்பு இருக்கலாம். பூனாவில் யாஜ்னிக் என்றொரு டாக்டர், லண்டனில் யுட்கின் என்றொரு டாக்டர். உயரத்துக்கும் எடைக்கும் போடும் பிஎம்ஐ கணக்கு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004-இல் இருவரும் சேர்ந்து தங்கள் படத்தோடு இதை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கைகால் ஒல்லி, முன்னால் தொப்பை என்ற நம்மூர் உடம்பை எடை மெஷின் காட்டிக்கொடுக்காது. இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அள. ஆணுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

நடக்கும்போது உடம்புக்குள் நிகழ்வது வேறு சங்கதி. வேலை செய்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாளைக்கு இன்சுலினுக்கு நன்றாகச் செவி சாய்க்கும். அதற்குள் மறுபடி நடந்தால்தான் அந்தப் பலன் நிற்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே என்கிறார்கள். தசை அந்த நேரத்தில் இன்டர்லூகின்-6 என்ற பொருளையும் வெளியிடுகிறது. கொழுப்பிலிருந்து ஓயாமல் கசியும்போது அழற்சியோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே பொருள், தசையிலிருந்து கொஞ்ச நேரம் வரும்போது டிஎன்எஃப்-ஆல்பாவை அடக்க உதவுகிறது. கோபன்ஹேகனில் தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதித்தவர்களுக்கு வயிற்றின் உள்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் மருந்து போட்டவர்களுக்கு, அதே அளவு மிதித்தும் குறையவில்லை. 2019-இல் வந்த ஆய்வு இது. இன்டர்லூகின்-6 என்ற சேதி தசையிலிருந்து போனால்தான் கொழுப்பு கரைகிறது என்று எனக்குப் படுகிறது.

நீ மனசில் வைக்கவேண்டியது நம் சென்னை ஆய்வைத்தான். டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, உன்னைப்போல் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்தது. 2006-இல் முடிவு வந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தும் ஏறக்குறைய இதே பலன்தான். இத்தனைக்கும் நடந்தவர்களின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. மாப்பிள்ளை, இந்த ஒரு வரியை இரண்டு தடவை படி.

லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறேனே, அது போதாதா என்று நினைக்காதே. நிற்பது நடையாகாது. மூச்சு கொஞ்சம் வாங்கவேண்டும். பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். செகண்ட் ஷிப்ட் என்றால் காலையில் நட. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகுமுன் நட. நைட் ஷிப்ட் வாரத்தில் முதலில் தூங்கு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் தண்டால், உட்கார்ந்து எழுவது ஏதாவது செய். தசை கூடினால் சர்க்கரை போய்ச் சேர இடமும் கூடும். இடைவேளையில் சர்க்கரை போட்ட டீயோடு போண்டா தின்பதைக் குறை. ராத்திரி சோற்றுக்குப் பதில் உங்கம்மா கிண்டும் களியைச் சாப்பிடு, ஆனால் உருண்டை சின்னதாக இருக்கட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க அந்தத் திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வந்தால் ஒளியாதே.

நாளைக்கே ஆரம்பி. மூன்று மாதம் எடை மெஷின் பக்கமே போகாதே. அப்புறம் இடுப்பை அளந்து, சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா