சீல் உடையாத பாட்டில்தான் சாட்சி

கேள்வி: என் 9 மாதக் குழந்தைக்குக் கடையில் வாங்கிய வெளிநாட்டு கேரட் மசியலைக் கொடுத்துவந்தேன். இத்தகைய உணவுகளில் ஈயம், காட்மியம் இருப்பதாக அமெரிக்காவில் சர்ச்சை என்று அறிந்து நிறுத்திவிட்டேன். இங்கிருந்தே வழக்குப் போட முடியுமா?
- வாசகி, சென்னை

பதில்: முடியும். ஆனால் செய்தியை மட்டும் நம்பிப் போட்டால் நிற்காது. இந்தச் சர்ச்சையைக் கிளப்பிய அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் 2021 அறிக்கை அந்நாட்டுச் சந்தையைப் பற்றியது. கேரட் போன்ற வேர்க்காய் மட்டுமே உள்ள குழந்தை உணவில் ஈயம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) சொன்னதும் அங்குள்ள வழிகாட்டுதலே. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பை உங்கள் பாட்டில் மீறியதா என்பதே இங்கு வழக்கு.

திறந்த பாட்டிலை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். அதே பேட்ச் எண்ணில் சீல் உடையாத பாட்டில்களைப் பில்லுடன் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 40-வது பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: பரிசோதனைக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உணவு சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். உற்பத்தியாளர் நம் சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 86-வது பிரிவு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. லேபிளில் இறக்குமதியாளரின் முகவரி இருக்கும்; அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை.

பணத்தைத் திரும்பப் பெறக் குறைபாட்டை நிரூபித்தால் போதும். குழந்தையின் உடல்பாதிப்புக்கு இழப்பீடு கேட்டால் மருத்துவ ஆதாரம் வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை கிடைக்கும். உணவை நிறுத்தியதும் ரத்தத்தில் ஈய அளவு இறங்கத் தொடங்கும். ஆகவே வக்கீலைப் பார்க்கும் முன் குழந்தை மருத்துவரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

பகுப்பாய்வு அறிக்கை வரம்புக்குள் இருந்தால் வழக்கு வேண்டாம். மீறியிருந்தால், நகலை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் கொடுங்கள். உங்கள் வழக்கு முடியக் காலமாகலாம்; அந்தப் பேட்சை அலமாரியிலிருந்து இறக்க அவருக்கு அதிகாரம் உண்டு.