பிறக்கும் முன்பே முடிவாக வேண்டிய ஊர்



மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம், கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அது மூடாமல் ஓட்டை நின்றுவிட்டால் குடலும் இரைப்பையும், சில வேளைகளில் கல்லீரலும் மேலேறி, நுரையீரல் வளர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறவி உதரவிதானப் பிளவு எனப்படும் இக்குறை ஏறத்தாழ 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே அமைகிறது.

கருப்பைக்குள் பிராணவாயுவை நஞ்சுக்கொடியே தந்துவிடுவதால், நுரையீரல் சிறுத்திருந்தும் குழந்தை தவிப்பதில்லை. தொப்புள்கொடி துண்டிக்கப்பட்ட பிறகே மூச்சுக்கான போராட்டம் தொடங்குகிறது. ஆதலால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் குழந்தை அறுவை மருத்துவரும் உள்ள ஊருக்குத் தாயைப் பிரசவத்துக்கு முன்பே அனுப்புவது, பிறந்த குழந்தையை ஆம்புலன்சில் ஏற்றிச் செல்வதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில் குறை தெரிந்திருக்க வேண்டும்.

கொரோனாக் காலம் அடித்தது இந்த இடத்தில்தான். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கிப் பேருந்துகள் நின்றன. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகரில் முழு ஊரடங்கு இருந்தது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது என்பதால், அம்மாவட்டத்தின் சேந்தமங்கலத்திலோ கொல்லிமலையிலோ இருந்த கர்ப்பிணிக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையை எட்டுவதற்கே மாவட்ட எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. குறை தெரிந்த பெற்றோர் கருக்கலைப்பை நாடினாலும், அதற்கு அப்போதைய சட்டம் பொதுவாக 20 வாரத்தையே எல்லையாக வைத்திருந்தது. கடுமையான கருக்குறைகளுக்கு, மருத்துவக் குழுவின் முடிவுக்கு உட்பட்டு, அந்த எல்லையை நீக்கிய திருத்தம் 2021இல்தான் வந்தது. ஸ்கேன் ஒரு மாதம் தள்ளிப்போனால், பெற்றோர் முடிவெடுக்கும் வாய்ப்பே பறிபோகும் நிலை அது.

பிறந்தவுடன் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மூச்சுவிடத் திணறும் மற்றக் குழந்தைகளுக்குச் செய்வதுபோல் முகமூடி வைத்துப் பையை அழுத்தினால், காற்று மார்புக்குள் இருக்கும் குடலையும் ஊதச்செய்து நுரையீரலை மேலும் நெருக்கிவிடும். எனவே மூச்சுக்குழலில் நேரடியாகக் குழாய் செலுத்தப்படுகிறது, இரைப்பைக் காற்றை வெளியேற்ற இன்னொரு குழாயும் இடப்படுகிறது. குழாய் செலுத்துகையில் நுண்துளிகள் பரவக்கூடும் என்பதால், தாய்க்குக் கொரோனாத் தொற்று இருக்கிறதா என்பது முன்பே தெரிந்து, பாதுகாப்பு உடை அணிந்த குழு பிரசவ அறையில் காத்திருக்க வேண்டும். உடை அணியும் நேரத்தைக்கூட இக்குழந்தை தாங்காது. ஓட்டையைத் தைக்கும் அறுவையோ, நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தம் தணிந்து குழந்தை நிலைப்பட்ட பிறகே நடக்கிறது. தொற்றுள்ள தாயின் பாலும் விலக்கத்தக்கதன்று. அதைக் கறந்து, குடல் ஏற்கும் நிலை வந்ததும் குழாய்வழி ஊட்டலாம்.

வீடு திரும்பிய பின்னும் உணவு எதிர்க்களித்தல், எடை ஏறாமை, செவித்திறன் குறைவு, மீண்டும் பிளவு ஆகியவை வரக்கூடும். தொலைமருத்துவ வழிகாட்டுதல் ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25இல் வெளியானது நல்ல உதவியே. ஆயினும் எடையையும் செவியையும் தொலைபேசியில் சோதிக்க இயலாது.

செவிலிய மாணவிகள் கிராமப் பணிக்குச் செல்லும்போது ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் 18 முதல் 20 வார ஸ்கேனுக்குரிய தேதியைக் கேட்டு, தவறியிருந்தால் அந்த வாரமே அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.